ஊதா நிறத்தில் ஒரு நல்ல செய்தி

நோய்களில் இரண்டு வகை உண்டு. காய்ச்சல், வயிற்றுவலி, கால் சுளுக்கு எல்லாம் மரியாதையான வகை. படுத்துக்கொண்டால் நாலு பேர் பிஸ்கட்டோடு பார்க்க வருவார்கள். மற்ற வகை வந்தால் வாயை மூடிக்கொண்டு சாக வேண்டியதுதான் என்று, கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன காலத்தில், நான் மனதார நம்பினேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. இலங்கையின் மாத்தளை டவுனில் புடவைக்கடை வைத்திருந்த குடும்பத்துக்கு மருமகளாகப் போயிருந்தேன். தொண்டை வீங்கிக் காய்ச்சலடித்ததில் யாரோ எழுதிக் கொடுத்த கெப்சூல்களை விழுங்கி, கணவரின் உம்மா, என் மாமி, வைத்த எலும்பு சூப் குடித்து, ஒருவழியாகத் தேறினேன். தேறிய கையோடு வேறோர் இடத்தில் கடி ஆரம்பித்தது. (எங்கள் பக்கம் அரிப்பைக் கடி என்றுதான் சொல்வோம். எனக்கு வந்ததற்கு அரிப்பு என்ற சொல் போதவே போதாது.) கூடவே தயிர் உடைந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் துணியில் பட்டது. வாடை எதுவும் இல்லை. சிறுநீர் கழித்தால் எரிந்தது.

காலையில் இது புற்றுநோய் என்று முடிவு செய்தேன். பகல் சோற்றுக்குப் பிறகு, இல்லை, இது சுத்தமில்லாதவர்களுக்கு வரும் சீக்கு என்று மாற்றிக்கொண்டேன். ஆகவே காயம் கழுவ வைத்திருந்த கிருமிகொல்லி மருந்தைத் தண்ணீரில் கலந்து உள்ளும் புறமும் கழுவினேன். அதன் பிறகு குளியலறைக்குள் நான் ஆடிய ஆட்டத்தை யாரும் பார்க்காதது அல்லாஹ்வின் கிருபை.

இனித் தாங்காது என்றானதும், கை கடிக்கிறதென்று இவரிடம் சொன்னேன். இவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, லேடி டொக்டரின் வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கடைக்குப் போனார்.

டொக்டர் யாழ்ப்பாணத்து அம்மா. மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவர்.

“என்ன செய்யுது?”

“கடிக்கிது டொக்டர். முழங்கையில.”

விளக்கைப் பிடித்து என் முழங்கையைப் பார்த்தார். மற்ற முழங்கையையும் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இந்தக் கையில ஒண்டுமில்லை. கையில கடியெண்டு வாற பொம்பிளையள் கனபேரை நான் பாத்திட்டன். இனி உண்மையாக் கடிக்கிற இடத்தைச் சொல்லுங்கோ.”

தரையைப் பார்த்தபடி சொன்னேன். படுக்க வைத்துப் பரிசோதித்தார்.

“கிட்டடியில ஏதும் கெப்சூல் குடிச்சனீங்களோ?”

“தொண்டைக்கிக் குடிச்சேன்.”

“அதுதான். தொண்டைக் கிருமியோட சேத்து, உடம்பைக் காக்கிற நல்ல கிருமியையும் அது சாக்காட்டிப் போட்டுது. காவல் இல்லாத இடத்தில பங்கசு வளந்திட்டுது. பழைய பாண் ரொட்டியில பூஞ்சணம் பிடிக்கிறேல்லையே, அது மாதிரி ஒரு சாதி. கன பொம்பிளையளுக்கு வாறதுதான்.”

“அப்ப புத்துநோய் இல்லியா?”

“இல்லை.”

“கூடாத சீக்கு?”

“அதுவுமில்லை.”

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவ்வளவு நிம்மதி. வலிக்கிறதாக்கும் என்று டொக்டர் பயந்துபோனார். பிறகு கிருமிகொல்லி விஷயத்தைச் சொன்னேன். அதற்கு மட்டும் கோபப்பட்டார்.

“உள்ளுக்குக் கழுவுறதை இண்டையோட விடுங்கோ. வெளியில வெறும் தண்ணி போதும். பருத்தித் துணி உடுங்கோ, ஈரத்தோட இருக்காதேங்கோ. கடி நிண்டாலும் மருந்தைப் பாதியில விடக்கூடாது. நாத்தமோ காய்ச்சலோ அடிவயித்து நோவோ வந்தால் அது வேற வருத்தம், உடன வரவேணும்.”

மருந்து என்பது கடும் ஊதா நிறத்தில் ஒரு திரவம். குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்குப் பூசுவார்களே, அதேதான். சில நாட்கள் வந்து பூசிக்கொள்ள வேண்டும். சாயம் ஒட்டினால் போகாது, துணி வைத்துக்கொண்டு போ என்று நர்ஸ் ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

கடி அநேகமாக நின்றிருந்த ஒரு நாள், அந்தச் சந்தோஷத்தில் துணி வைக்க மறந்துவிட்டு, பூசிய மருந்தோடு வீட்டுக்கு நடந்தேன். வாசலில் கால் வைத்ததுமே நெய்ச்சோறு மணந்தது. உள்ளே இவருடைய சொந்தத்துப் பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள்.

நடந்தது இதுதான். பலாபத்வலையில் இருந்த இவருடைய அக்கா, என் மதினி, பஸ்ஸிலிருந்து என்னை லேடி டொக்டரின் வாசலில் பார்த்திருக்கிறார். மாத்தளையில் பாதிப் பிள்ளைகள் அந்த டொக்டரின் கையில் பிறந்தவை. புது மருமகள் அங்கே போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

என்னைப் புது மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மெத்தையின் வெள்ளை உறையில் மாமியே பூ வேலை செய்திருந்தார். ஒருத்தி, நல்ல செய்திக்கென்றே செய்த கருப்பட்டி இனிப்பு, வட்டிலப்பத்தை என் வாயில் ஊட்டினாள். ஒருத்தி எத்தனை மாதம் என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் இன்னொரு கரண்டி வந்துவிட்டது. கடைசியில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்தேன்.

எல்லோருடைய கண்ணும் நாற்காலிக்குப் போனது. மாமியின் பூ வேலைக்கு நடுவில் அழகான ஊதாப் பூ ஒன்று புதிதாகப் பூத்திருந்தது. என் மஞ்சள் சேலையிலும் அதன் சோடி.

“யா அல்லாஹ், புள்ளைக்கி என்னமோ ஆயிட்டு” என்றார் சாச்சி. மாமியின் தங்கை அவர்.

மாமி குனிந்து பார்த்தார். “ரத்தம் இந்த நெறத்திலயா ஈக்கும்?”

அதற்கு மேல் மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. கடி முதல் பூஞ்சணம் வரை சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். இன்றைக்கே என்னைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

மாமி எழுந்துபோய்க் கதவுக்குக் கொண்டி போட்டார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மூத்தவன் வயித்தில ஈக்கக்குள்ள எனக்கும் வந்திச்சி. நான் தேசிக்காயப் புழிஞ்சி அந்தப் புளியால கழுவினேன்.”

“எரியலியா மாமி?”

“எரியாமலா. நான் போட்ட சத்தத்தில ஒங்கட மாமா ஓடிப்பொயித்து அடுத்த வீட்டாள்களயும் கூட்டி வந்தார்.”

முதலில் சிரித்தது மதினி. பிறகு ஒவ்வொருத்தியாக ஆரம்பித்தார்கள். ஒருத்திக்கு இரண்டாவது பிள்ளையின்போது. ஒருத்தி உப்புத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாளாம். எல்லோரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தார்கள். நெய்ச்சோறு ஆறிக்கொண்டிருந்தது, யாரும் எழும்பவில்லை. உள்ளே கழுவக்கூடாது என்று டொக்டர் சொன்னதை என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள்.

சாச்சி மட்டும் சிரிக்கவில்லை. “எனக்குப் போகிது, திரும்ப வருகிது. வருசக் கணக்கா” என்றார் மெதுவாக.

அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் சிறுநீரைச் சோதித்தார். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு நோய். அதனால்தான் கடி விடாமல் வந்திருக்கிறது. சீனி கட்டுப்பட்டதும் கடியும் போனது. அதற்குப் பிறகு சாச்சி நெடுங்காலம் நல்ல சுகத்தோடு இருந்தார். வட்டிலப்பத்தை விட வேண்டி வந்ததற்கு மட்டும் கடைசிவரை என்னைத்தான் குற்றம் சொன்னார்.

அன்றைய கூத்து அதோடு முடியவில்லை. கடைக்கும் செய்தி போயிருந்தது. பின்னேரம் இவர் வாடகைக் காரில், கூரைமேல் பலாமரத் தொட்டில் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். முகமெல்லாம் பல்.

மாமி வாசலுக்குப் போனார். “உள்ளுக்கு வைங்க மகன். அது அவசரமில்ல.”

அறைக்குள் அழைத்து விஷயத்தைச் சொன்னேன். உங்களுக்கும் கடி இருந்தால் டொக்டரிடம் காட்ட வேண்டுமாம் என்றும் சொன்னேன். இல்லை என்று தலையாட்டினார். பிறகு என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப கை சொகமா?” என்று கேட்டார்.

தொட்டிலில் மாமி வெங்காயம் போட்டு வைத்தார். பிறகு ஒரு காலத்தில் வெங்காயத்தை இறக்கிவிட்டு என் மகளைப் போட்டோம். அதற்குள் எங்கள் வீட்டுப் பெண்களிடையே அந்த வருத்தத்துக்குத் ‘தொட்டில்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. மகள் கல்யாணமான புதிதில் ஒரு நாள் சோறு சாப்பிடும்போதே, “உம்மா, தொட்டில் வந்தீக்கி, டொக்டருக்கிட்ட பொயித்து வாறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மருமகன் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, வட்டிலப்பம் வாங்கக் கடைக்கு ஓடினார்.