வின்ஸ் கோமெட் பிறக்காத வீடு

பால் பாட்டிலை எடுக்க நார்மன் ஹிங்லி கதவைத் திறந்தபோது, வாசல்படியில் ஒரு ஆள் மண்டி போட்டு உட்கார்ந்து படிக்கல்லை முத்தமிட்டுக்கொண்டிருந்தான்.

அறுபது வயசு இருக்கும். கறுப்புத் தோல் சட்டை தொப்பைக்கு மேல் மூட மறுத்து விரிந்து கிடந்தது. அவனுக்குப் பின்னால் அதே மாதிரி சட்டையில் நாலைந்து பேர் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போலத் தலை குனிந்து நின்றார்கள்.

“என்னய்யா பண்ற?” என்றார் நார்மன். “நேத்துதான் அந்தக் கல்லுல பூனை ஒண்ணுக்குப் போச்சு.”

“பரவாயில்லைங்க ஐயா.” அவன் எழுந்திருக்கவில்லை. “இது அவரு மிதிச்ச கல்லு.”

“எவரு?”

“வின்ஸ் கோமெட்! அவரு பொறந்த வீடாச்சே இது!”

எழுபதுகளில் மேடையில் கிட்டாரை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு, தொண்டை கிழியப் பாடிய ராக் பாட்டுக்காரன் வின்ஸ் கோமெட். இங்கிலாந்தின் இதே டட்லி ஊர்க்காரன். செத்துப்போய் ரொம்ப காலம் ஆகிறது. ஊரே மறந்து போயிருந்த நேரத்தில் அவன் கதையைப் படமாக எடுத்துவிட்டார்கள். படத்தில் அவன் ஒரு பச்சைக் கதவு வீட்டு வாசலில் உட்கார்ந்து முதல் பாட்டைக் கட்டுகிறான். அதைப் பார்த்துவிட்டு, நாட்டிலுள்ள பாதிக் கிழவர்கள் பரணிலிருந்து தோல் சட்டையை இறக்கிவிட்டார்கள்.

“அவன் இந்த வீட்டுல பொறக்கவே இல்லை,” என்றார் நார்மன். “கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்தான். அந்தத் தெருவையே இடிச்சு ரோடு போட்டாச்சு. போயி ரோட்டுல முத்தம் குடு.”

“ரேடியோவுல சொன்னாங்களே! நேயர்கள் போன் போட்டுப் பேசற நிகழ்ச்சியில இந்தத் தெரு, இந்த நம்பர், பச்சைக் கதவு, எல்லாம் சொன்னாங்க.”

“எவனோ உளறியிருக்கான்.”

மாடி ஜன்னலிலிருந்து மெல்லிய குரல் வந்தது. “நார்மன், யாரு அது?”

“யாருமில்லை பெரில். நீ தூங்கு.”

நார்மன் கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றார். மனைவி பெரிலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பி இரண்டு வாரமாகிறது. குணமாகி அனுப்பவில்லை. இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். வலிக்கு மாத்திரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் மார்வா என்ற நர்ஸ், மீதிக்கு நிம்மதி, அவ்வளவுதான் மருந்து. டாக்டர் சொன்னதில் நார்மனுக்கு விளங்கியதும் அவரால் கொடுக்க முடிந்ததும் அந்த நிம்மதி ஒன்றுதான். அதற்காக மாடிப்படியில் செருப்பில்லாமல் ஏறினார். கெட்டில் விசில் அடிப்பதற்குள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தார்.

அந்த வீட்டில் பேசுவதெல்லாம் பெரில் பொறுப்பு. கேட்பது நார்மன் பொறுப்பு. நாற்பது வருஷம் இரும்பு வார்ப்புப் பட்டறை இரைச்சலில் நின்ற மனுஷனுக்கு அதுவே போதுமாக இருந்தது. பிள்ளைகள் இல்லை. பட்டறை மூடினதும் கூட்டாளிகள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கதவைத் தட்டுகிறவர்கள் எல்லாரும் பெரிலைத் தேடித்தான் வருவார்கள். அவள் படுத்ததும் அவர்களும் நின்றுவிட்டார்கள்.

மறுநாள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். முத்தம் கொடுத்த ஆள்தான் முன்னால் நின்றான். பேர் கிரஹாம். கோவென்ட்ரியில் ஒரு காப்பீட்டு ஆபீசில் வேலை.

நார்மன் கையைக் கட்டிக்கொண்டு வாசலை மறித்து நின்றார். “இதோ பாருங்க. எனக்கு அவனைத் தெரியும். அவன் பேரு கோமெட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வின்சென்ட் டப்ஸ். எங்க பட்டறையில என்கூட வேலை பார்த்தவன். அவன் வீடு எதுன்னு எனக்குத் தெரியாதா?”

கூட்டம் ஒரு அடி முன்னால் நகர்ந்தது.

“கூட வேலை பார்த்தீங்களா?” கிரஹாம் கையை நீட்டினான். “ஐயா, உங்க கையைக் கொஞ்சம் குடுங்க.”

“எதுக்கு?”

“தொட்டுப் பார்க்கத்தான்.”

பன்னிரண்டு பேரும் வரிசையில் நின்று தொட்டுப் பார்த்தார்கள். ஒரு அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நார்மன் கையை இழுத்து கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மதியத்துக்குள் சேதி பரவி, மறுநாள் முப்பது பேர் ஆனார்கள்.

சரி, மரியாதையாகச் சொன்னால் ஏறாது, ஆளின் யோக்கியதையை எடுத்துவிட்டால் ஓடிப்போவார்கள் என்று நார்மன் கணக்குப் போட்டார்.

“சோம்பேறி அவன்!” என்று ஆரம்பித்தார். “அச்சுக்கு மணல் அடிக்கச் சொன்னா கக்கூஸ்ல போயி ஒளிஞ்சுக்குவான். அங்க உக்காந்து பாடுவான், சுருதியே சேராது. என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாண்ட்விச்சைத் தின்னுட்டு, ‘எலி வந்துச்சு நார்மன்’ம்பான். ஒரு நாள் எலிக்குன்னு தனியா ஒண்ணு வச்சேன், மிளகாய்த் தூளைக் கொட்டி. அன்னைக்கு முழுக்க தண்ணித் தொட்டியில வாயை வச்சுக்கிட்டுக் கிடந்தான். அதுக்கப்புறம்தான்யா அவனுக்கு அந்தக் கரகரப்புக் குரலே வந்துச்சு!”

தெருவே சிரித்து உருண்டது. “இன்னும் சொல்லுங்க! இன்னும்!” என்றார்கள். திட்டுவதற்குத் திறந்த வாய் மூட அரை மணி நேரம் ஆனது. அந்த வருஷம் முழுக்க நார்மன் பேசியதைச் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

மாடிக்குப் போனபோது பெரில் கண் திறந்திருந்தாள்.

“சத்தத்துல முழிச்சுட்டியா? ஜன்னலைச் சாத்தறேன்.”

“வேண்டாம், காத்து வரட்டும். என்னவோ மிளகாய்த் தூள்னு காதுல விழுந்துச்சே?”

“அது ஒண்ணுமில்லை. நீ தூங்கு.”

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் படியெல்லாம் சாண்ட்விச். சீஸும் ஊறுகாயும் வைத்தது, முட்டை வைத்தது, ஹாம் வைத்தது. ஒவ்வொன்றிலும் ‘எலிக்கு’ என்று எழுதி மெழுகுவர்த்தி வேறு ஏற்றியிருந்தார்கள். டட்லியிலிருந்த புறாக்கள் மொத்தமும் பெரிலின் ஜன்னலுக்கு நேர் கீழே கூடிச் சண்டை போட்டன. நார்மன் துடைப்பத்தோடு விரட்டினார். அதைப் படம் எடுத்தார்கள்.

பக்கத்து வீட்டு ரெக் தன் சமையலறை நாற்காலிகளை வெளியில் போட்டு, வந்தவர்களை உட்காரவைத்துக்கொண்டிருந்தான்.

“நீதானேடா ரேடியோவுல சொன்னது?” என்று நார்மன் அவன் மேல் பாய்ந்தார்.

“நானா? எனக்குத் தோணியிருந்தா என் வீட்டு நம்பரை இல்ல சொல்லியிருப்பேன்!” என்றான் ரெக். அது நியாயமாகத்தான் பட்டது.

“இந்தக் கதவுதான் வினை,” என்று அன்று சாயங்காலமே நார்மன் பச்சைக் கதவுக்குப் பழுப்புப் பெயின்ட் அடித்தார். பெயின்ட் நெடி மாடிக்கு ஏறி பெரிலுக்கு ராத்திரி முழுக்க இருமல். அவள் முதுகைத் தடவியபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிரஹாம் பழுப்புக் கதவைப் பார்த்தான். திட்டவில்லை. போய்விட்டு, ஏழு ஆள், இரண்டு ஏணி, நாலு டப்பா பச்சைப் பெயின்ட்டோடு திரும்பி வந்தான். கதவை அடித்தார்கள். ஜன்னல் சட்டங்களை அடித்தார்கள். மீதி இருந்ததை ரெக் வீட்டுக் கதவுக்கு அடித்தார்கள். வேலை செய்துகொண்டே கோமெட்டின் பாட்டுகளை, ஏழு பேரும் ஏழு சுருதியில் பாடினார்கள்.

நார்மன் மாடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி ஊற்றினார்.

கீழே ஒரே ஆரவாரம்.

“படத்துல வர்ற மாதிரியே! வீட்டுக்காரரு தண்ணி ஊத்துவாரே, அதே மாதிரி!” நனையாதவர்கள் ஏணிக்கடியில் வந்து வரிசையில் நின்றார்கள். “ஐயா, இந்தப் பக்கமும் கொஞ்சம்!”

பெரில் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்த நார்மன் வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

அந்த வாரம் ஒரு சின்னப் பெண் வந்தாள். அவள் பிறப்பதற்கு முன்பே கோமெட் செத்துப் போயிருப்பான். கழுத்தில் அவன் படம் போட்ட பதக்கம்.

“அந்தக் காலத்துல பொறந்திருக்கணும் ஐயா,” என்று பெருமூச்சு விட்டாள். “படத்துல பார்த்தேன். என்ன ஒரு வாழ்க்கை! பட்டறைப் புகை, மழை, தெருவெல்லாம் பாட்டு.”

நார்மன் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “மழை பேஞ்சுச்சு, வாஸ்தவம். பாட்டு ஒண்ணும் இல்லைம்மா. வேலைநிறுத்தம்னு பாதி நாளு கரண்டு இருக்காது. மெழுகுவத்தி வெளிச்சத்துல என் பொண்டாட்டி என் முதுகுல பட்ட தீப்புண்ணுக்கு வெண்ணெய் தடவுவா. வலி தெரியாம இருக்கணும்னு எதையாவது பேசிக்கிட்டே இருப்பா. அடுத்த வீட்டுக்காரி கதை, சர்ச்சுக் கதை. அது ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு. அதை யாரும் படம் எடுக்க மாட்டாங்க.”

அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை அவர் கையை இழுத்துக்கொள்ள மறந்துவிட்டார்.

ஆனால் சனிக்கிழமை கோமெட்டின் பிறந்தநாள். மத்தியானத்துக்குள் தெரு நிறைந்துவிட்டது. கிட்டார், முரசு, ஒலிபெருக்கி, மூன்று அடுக்குக் கேக். மார்வா ஊசி மருந்துப் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூட்டத்தைக் கிழித்து வந்து மாடிக்குப் போனாள். கிரஹாம் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தான். பெரிலின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

நார்மன் படியில் இறங்கி வந்தார். துடைப்பம் இல்லை, வாளி இல்லை. வீட்டுச் செருப்பு மட்டும்.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க,” என்றார். கத்தவில்லை. முன்வரிசை அடங்க, பின்வரிசையும் அடங்கியது. “இவ்வளவு நாளா உங்களைத் துரத்தினேனே, காரணம் ஒண்ணு சொல்லலை. மேல என் பொண்டாட்டி இருக்கா. பேரு பெரில். அவ பிழைக்க மாட்டா. இன்னும் கொஞ்ச நாளுதான்னு சொல்லிட்டாங்க. அவளுக்கு நான் பெரிசா எதுவும் செஞ்சதில்லை. பேசக்கூடத் தெரியாது எனக்கு. கடைசியா கொஞ்சம் அமைதி, அது ஒண்ணைத்தான் குடுக்கலாம்னு பார்க்கறேன். அதையும் குடுக்க முடியலை.”

மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

யாரோ ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கினார்கள். கேக் மெழுகுவர்த்தியை ஒருவன் விரலால் நசுக்கி அணைத்தான். கிரஹாம் முன்னால் வந்தான். தோல் சட்டைக்குள் தொப்பை விம்மியது.

“மன்னிச்சிடுங்க ஐயா,” என்றான். “அவரு இங்க பொறக்கலைன்னு நாங்களே ஊரெல்லாம் சொல்லிடறோம். இனிமே ஒருத்தன் இந்தத் தெருவுல கால் வைக்க மாட்டான். என் பொறுப்பு.”

போனார்கள். நுனிக்காலில் நடந்து போனார்கள். அத்தனை பெரிய கூட்டம் அவ்வளவு மெதுவாகப் போனதை நார்மன் பார்த்ததில்லை. படியிலிருந்த சாண்ட்விச்சைக்கூட எடுத்துக்கொண்டு போனார்கள். ரெக் நாற்காலிகளை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி வைத்துக் கதவைச் சாத்தினான். ஏமாந்த புறாக்களும் பறந்துவிட்டன.

நார்மன் இரண்டிரண்டு படியாக மாடி ஏறினார். முட்டி வலி தெரியவில்லை.

“முடிச்சிட்டேன் பெரில். எல்லாரும் போயிட்டாங்க. இனிமே வரவே மாட்டாங்க. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கான். கேளு, ஒரு சத்தம் இருக்கா?”

பெரில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியில் காலித் தெரு.

“இல்லை,” என்றாள். “ஒரு சத்தமும் இல்லை.” முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

களைப்பு, ஊசி வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு நார்மன் போர்வையை இழுத்துவிட்டார். மார்வாவை வழியனுப்பக் கீழே வந்தார். நாள்கணக்கில் வராத சிரிப்பு ஒன்று அவர் முகத்தில் இருந்தது. மார்வா சிரிக்கவில்லை. கோட்டை மாட்டி, பையை எடுத்து, வாசல் வரை போய் நின்றாள்.

“என்னம்மா முறைக்கிற? அவ நிம்மதிக்காகத்தானே இத்தனையும் செஞ்சேன்?”

மார்வா அந்தப் புதுப் பச்சைக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“ரேடியோவுக்குப் போன் போட்டு, அவன் பொறந்த வீடு இதுதான்னு சொன்னதே உங்க பெரில்தான், மிஸ்டர் ஹிங்லி, தான் போன பிறகும் உங்க கதவைத் தட்டி உங்களைப் பேசவைக்க நாலு பேர் வேணுமாம்.”