நூற்றிரண்டு பேருக்கு அனுமதி மறுப்பு

வட லண்டனில் ஒரு கவுன்சில் இருக்கிறது. எந்தக் கவுன்சில் என்று வெளியில் சொல்வதற்குத் தனிப் படிவம் நிரப்ப வேண்டுமாம், ஆகையால் சொல்லவில்லை. அந்தக் கவுன்சிலுக்குச் சொந்தமான பழைய மண்டபம் ஒன்றில் இருபத்திரண்டு வருடங்களாகச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடந்து வந்தது. மண்டபத்தின் குத்தகை பங்குனியோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால், பள்ளிக்கூடத்தை நடத்தும் தமிழ்ச் சங்கமானது "பகிரப்பட்ட பாரம்பரியம்" ஒன்றைப் பொதுமக்கள் காணும்படி கொண்டாடிக் காட்ட வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. அந்த வருடம் எல்லாக் கவுன்சில்களிலும் அதுதான் நாகரிகம்.

சங்கச் செயலாளர் குலசேகரம் முதலில் பரதநாட்டியம் என்று எழுதிப் போட்டார். அது பாரம்பரியம்தான், ஆனால் பகிரப்படவில்லை என்று பதில் வந்தது. அடுத்து வடை என்று எழுதினார். அது பகிரப்படுகிறதுதான், ஆனால் சுகாதாரப் பிரிவுக்கு உரியது என்றார்கள்.

கடைசியில் கமிட்டி கூடி, ஆங்கிலேயருடைய சரித்திரத்தையே எடுத்து அவர்களுக்குக் கொண்டாடிக் காட்டிவிடுவது என்று தீர்மானித்தது. நானூறு வருடங்களுக்கு முன்பு, அரசனுடைய தேவாலயத்தில் கும்பிட மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பி, மேபிளவர் என்ற கப்பலில் ஏறி அமெரிக்காவில் போய்க் குடியேறியதல்லவா, அந்தக் கதை. அட்டையில் கப்பல் செய்து, கோயிலில் சுவாமி வைத்து இழுக்கும் சகடையை இரவல் வாங்கி, அதில் ஏற்றி ஹை ரோட்டில் இழுப்பதாகத் திட்டம். வடம் பிடிக்க ஆள் தேட வேண்டியதில்லை. சகடையில் எதை வைத்தாலும் நம்முடைய சனம் இழுக்கும்.

ஊர்வலத்துக்கான அனுமதிப் படிவம் வந்தது. வினையும் கூடவே வந்தது. குலசேகரம் முப்பது வருடமாக ஊர்ச் சனத்துக்கெல்லாம் அகதிப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர். "பங்குபற்றுவோர் விபரம்" என்ற கட்டத்தைக் கண்டதும் பேனை தானாக ஓடியது. ஆட்கள்: நூற்றிரண்டு. புறப்பட்ட காரணம்: சமய அடக்குமுறை. திரும்பிப் போனால் நடப்பது: அரசன் சிறையில் போடுவான். கடவுச்சீட்டு: இல்லை. இடையில் தங்கிய நாடு: ஒல்லாந்து, கொஞ்சப் பேர் பன்னிரண்டு வருடம். எதையும் மறைக்கவில்லை. மறைத்தால் இன்டர்வியூவில் பிடிபடும் என்று சனத்துக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தானே.

மூன்று கிழமையில் பதில் வந்தது. "நூற்றிரண்டு விண்ணப்பதாரர்களினதும் நிலைமை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. ஒல்லாந்தில் பாதுகாப்பாக வாழ்ந்தவர்கள் மேற்கொண்டு பயணம் செய்யவேண்டிய அவசியம் காணப்படவில்லை. அனுமதி மறுக்கப்படுகிறது."

வேறு யாராவது என்றால், இது நாடகம் ஐயா, அட்டைக் கப்பல் ஐயா என்று எழுதியிருப்பார்கள். குலசேகரத்துக்கு அது தோன்றவே இல்லை. மறுப்புக் கடிதத்தைக் கண்டால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அப்பீல். அதோடு மனுஷனுக்கு உண்மையான கவலையும் இருந்தது. மண்டபம் போய்விட்டால் எண்பது பிள்ளைகளை எங்கே இருத்தி அ, ஆ சொல்லிக் கொடுப்பது?

அப்பீலை விசாரித்தவள் வேதவல்லி. திருச்சிக்காரி, பகிரப்பட்ட பாரம்பரியப் பிரிவின் மூத்த அலுவலர். கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் தொங்கின.

"உக்காருங்க சார். இவங்க ஹாலண்டுல நல்லாத்தானே இருந்தாங்க?"

"என்னத்தை நல்லாய் இருந்தது, பிள்ளை? நெசவு வேலையிலை முறிஞ்சதுகள்."

"அப்போ பொருளாதாரக் காரணம்." எழுதிக்கொண்டாள்.

"இல்லை, இல்லை. பிள்ளையள் ஒல்லாந்துப் பாஷை கதைக்கத் தொடங்கிட்டுதுகள். இப்பிடியே விட்டால் எங்கடை பிள்ளையள் எங்கடையாய் இராதுகள் எண்டு தாய் தேப்பன் பயந்திட்டினம்."

"மொழி போயிடும்கிறது எங்க லிஸ்ட்ல இல்லையே சார். சரி, பர்மிட் எந்த இடத்துக்கு?"

"வேர்ஜீனியாப் பக்கத்துக்கு."

"இறங்கினது?"

"அதுக்குக் கனதூரம் வடக்காலை. காத்து இழுத்துக்கொண்டு போட்டுது."

"அதுக்கு எழுத்துல ஏதாவது ஆதாரம்?"

"காத்திட்டை எழுதி வாங்க ஏலாது, பிள்ளை."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணாங்க?"

"அந்த ஊர்ச் சனம் சோளம் குடுத்தது. விதைக்கவும் காட்டிக் குடுத்தது."

"அப்போ அடுத்தவங்க உதவிப் பணத்துல, பெனிபிட்ல இருந்திருக்காங்க."

"முதல் மாரிக் குளிரிலையே பாதிப் பேர் செத்துப் போச்சினம்!"

"மருத்துவச் சேவைக்கும் சுமை." இதையும் எழுதிக்கொண்டாள்.

குலசேகரம் எழுந்தே விட்டார். "பிள்ளை, இவையள் போய் இறங்கினபடியாத்தான் இண்டைக்கு அமெரிக்கா எண்டு ஒரு நாடு இருக்கு!"

"அந்த ஊர்க்காரங்களோட சம்மதக் கடிதம் இருக்கா சார்?"

குலசேகரம் மெதுவாக உட்கார்ந்தார். முப்பது வருடமாக அவர் நிரப்பிய படிவங்களில் அப்படி ஒரு கட்டம் இருந்ததில்லை.

வேதவல்லி கல்நெஞ்சக்காரி அல்ல. "ஒண்ணு பண்ணலாம். கப்பல் புறப்படட்டும். இறங்க மட்டும் கூடாது. பாதி வழியில திருப்பிக் கொண்டாந்துருங்க. நான் பரிந்துரை பண்றேன்."

அப்படியே நடந்தது. மாசி மாதக் குளிரில் மேபிளவர் ஹை ரோட்டில் புறப்பட்டது. கறுப்புத் தொப்பி போட்ட குடியேறிகள் மேலே நின்று கையசைத்தார்கள். தேர் வருகிறது என்று நினைத்து மரக்கறிக் கடைக்காரர் வாசலில் தேங்காய் உடைத்தார். தபால் கந்தோரடியில் கப்பல் நின்றது. தலைமை மாலுமியாக வேஷம் கட்டிய பத்மநாதன், "அண்ணை, அமெரிக்கா இன்னும் வரேல்லை" என்று மேலேயிருந்து கத்தினார். "வராது, திருப்பு" என்றார் குலசேகரம்.

கவுன்சிலுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பாரம்பரியம் திருப்திகரமாகப் பகிரப்பட்டதாகவும், குடியேற்றம் எதுவும் நிகழவில்லை என்றும் அறிக்கை எழுதினார்கள். மண்டபம் பத்து வருடத்துக்குக் கிடைத்தது. ஒரேயொரு சிறு நிபந்தனை: இனிப் பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்து சேருகிறவர்களுடைய தேவையைச் சங்கமே பரிசீலித்து முடிவு செய்ய வேண்டும். அதற்கென்று குலசேகரத்துக்கு ஒரு மேசையும் கழுத்தில் தொங்கவிட ஓர் அடையாள அட்டையும் அனுப்பி வைத்தார்கள். அந்த அட்டையை அவர் வீட்டிலும் கழற்றுவதில்லை என்று கேள்வி.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை, சிவரூபினி என்ற பெண் மகளைக் கையில் பிடித்தபடி பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தாள்.

"இதுக்கு முதல் எங்கை இருந்தனீங்கள், தங்கச்சி?"

"பாரிசிலை, அண்ணை. ஆறு வருசம்."

"அங்கை தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லையோ?"

"இருக்கு. இவருக்கு இஞ்சை வேலை கிடைச்சது..."

"பொருளாதாரக் காரணம்," என்று குலசேகரம் எழுதினார்.

"ஐயோ, இல்லை அண்ணை. இவள் வீட்டிலையும் பிரெஞ்சுதான் கதைக்கிறாள். நான் கூப்பிட்டால் விளங்காத மாதிரிப் பார்க்கிறாள். அந்தப் பயத்திலைதான் இஞ்சை ஓடி வந்தனான்."

குலசேகரம் பேனையைக் கீழே வைத்தார். அவருக்கு உண்மையாகவே மனம் இளகிவிட்டது. கவுன்சில் கொடுத்த காரணங்களின் லிஸ்ட்டை எடுத்து மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் பார்த்தார். பிறகு மறுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, அன்போடு அவளிடம் நீட்டினார்.

"அழாதேங்கோ, தங்கச்சி. அப்பீல் போடலாம். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வாங்கோ, நானே நிரப்பித் தாறன். விசாரிக்கிறதும் நான்தான், ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ."