சேர்க்கை எண் பெற்ற மூக்குக்கண்ணாடி

முழுப்பெயர்: வரலாற்று அருங்காட்சியகக் கோடைக்காலப் பயிலுநர். தோற்றம்: மே மாத முதல் திங்கட்கிழமை. மறைவு: ஜூன் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. இத்துணைச் சிறிய ஆயுளுக்குள் ஓர் உயிரினம் எவ்வளவு அறிவைத் திரட்டிக்கொள்ளும் என்று காண விரும்பும் வாசகர்கள், வெள்ளைக் கையுறை அணிந்த இளைஞர் எவரேனும் கண்ணில் பட்டால் சற்று நின்று பார்க்கலாம். கேள்வி மட்டும் கேட்க வேண்டாம். விடை சொல்லத் தொடங்கிவிடுவார்.

பயிலுநர் என்றால் பயில்பவர் என்று அகராதி கூறும். முதல் இரண்டு நாள் அகராதி கூறுவது சரியே. அந்நாட்களில் அவர் கழிப்பறைக்கு வழி கேட்பார்; கேட்ட வழியில் போய்ச் சிற்பக் கூடத்தில் வெளிப்படுவார். மூன்றாம் நாள் காலையில், எந்த ரசவாதத்தாலோ, ‘உங்க மியூசியம்’ என்பது ‘எங்க மியூசியம்’ ஆகிவிடுகிறது. அதன் பிறகு அவருடைய குரல் தாழ்ந்து, நடை தளர்ந்து, கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொள்ள, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் குடையை மடித்தால் அதன் கைப்பிடி எந்தக் காலத்தது என்று ஆராய்வார். உறவினர் வீட்டில் உட்காரச் சொன்னால் நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். வீட்டில் பாத்திரம் தேய்க்கவும் விடமாட்டார்.

“அம்மா, அதைத் தேய்க்காதீங்க. அந்தக் கறை ஒரு சான்று.”

“எதுக்குடா சான்று?”

“அது கடந்து வந்த காலத்துக்கு.”

“நேத்து நீ அடுப்புல பாலை வெச்சுட்டு போன்ல பேசிட்டிருந்ததுக்குடா.”

இதற்கெல்லாம் அசைகிறவரா அவர்? வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு இயல்பு என்று விட்டுவிடுவார்.

இந்த இனத்தின் வரவை நினைத்து ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்திலேயே கலங்கத் தொடங்குபவர் ஒருவர் உண்டு. அவர்தான் அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர். விதிகளில் நம்பிக்கையும், கண்ணாடியின்றி எதையும் வாசிக்க இயலாத கண்களும் உடையவர். முன்பொரு கோடையில் வந்த பயிலுநர், பார்வையாளர்களின் பின்னாலேயே நடந்து ‘மூச்சு பட்டா ஓவியத்துக்கு ஆகாது’ என்று எச்சரித்து, ஒரு கூடத்தையே காலி செய்திருந்தார். ஆகவே இம்முறை காப்பாட்சியர் நன்கு சிந்தித்து, எவராலும் கெடுக்கவே முடியாத ஒரு வேலையைக் கொடுத்தார்: எண் எழுதுவது.

அருங்காட்சியகத்துக்கு வரும் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சேர்க்கை எண் உண்டு. பொருளின் மறைவான ஓரிடத்தில் நிறமற்ற மெருகைத் தடவி, அது உலர்ந்தபின் மெல்லிய தூரிகையால் வெள்ளை மையில் எண்ணை எழுதுவார்கள். எழுதிய கணத்திலிருந்து அப்பொருள் அருங்காட்சியகத்தின் உடைமை. அதன்பின் அது வெளியேற வேண்டுமானால் ஐவர் குழு கூடி ஒப்புதல் தர வேண்டும். குழு ஆண்டுக்கு ஒருமுறை கூடும். இவ்விதியை வகுத்தவர் காப்பாட்சியரே. வகுத்த அன்று அவர் தமக்குத் தாமே தேநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டார்.

அவ்வாண்டு மறைந்த மருத்துவர் ஒருவருடைய குடும்பத்தார் அவருடைய பேனாக்கள், கைக்கடிகாரங்கள், ஸ்டெதாஸ்கோப், நாலைந்து மூக்குக்கண்ணாடிகள் ஆகியவற்றை அன்பளிப்பாக அனுப்பியிருந்தனர். அவற்றைப் பெற்றுக்கொள்ளும் விழா, பயிலுநருக்கு இவ்வேலை கிடைத்த அன்றே மாலை. மருத்துவரின் அரிய நூலகம் இன்னும் வீட்டிலேயே இருந்தது; அதை யாருக்குக் கொடுப்பது என்று விழாவைப் பார்த்தபின் முடிவு செய்வதாக அவருடைய மருமகள் சொல்லியிருந்தார். காப்பாட்சியர் அந்நூலகத்துக்காக ஏங்கினார். அதற்கென்றே உருகி உருகி ஒரு வரவேற்புரை எழுதி வைத்திருந்தார்.

மதியம் பொருட்களைப் பார்வையிட்டு முடித்தவர், தம் கண்ணாடியைக் கழற்றி அதே மேசைமேல் வைத்துவிட்டு முகம் கழுவக் கிளம்பினார். கிளம்பும்போது, “மேசைமேல இருக்கிறது எல்லாத்துக்கும் எண் போட்டுடுங்க தம்பி. ஒண்ணுகூட விடக்கூடாது” என்றார். வழியில் தொலைபேசி அவரைப் பிடித்துக்கொண்டது. பயிலுநர் ஒன்றும் விடவில்லை.

“இங்க என் கண்ணாடி இருந்துச்சே தம்பி?”

“எது சார்?”

“கறுப்பு ஃப்ரேம்.”

“நானூத்திப் பன்னிரண்டா? அது காப்பறைக்குப் போயிடுச்சு சார்.”

காப்பறையின் சாவி பண்டகப் பொறுப்பாளர் அம்மாளின் இடுப்பில் இருந்தது. விதிமுறை என்ற சொல்லுக்குக் கையும் காலும் முளைத்தால் அவரைப் போலத்தான் இருக்கும். அவரை அப்பணிக்குத் தேர்ந்தெடுத்தவரும், வேறு யார், காப்பாட்சியரே.

“அது என்னோடதும்மா. காதுல மாட்டுற நுனியைப் பாருங்க. பல்லால கடிச்ச தடம் இருக்கும்.”

“இருக்கு சார். பயன்பாட்டுத் தேய்மானம்னு தம்பி குறிச்சிருக்காரு.”

“சொந்தக்காரன் நானே சொல்றேனே.”

“எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க. போன மாசம் ஒருத்தர் வந்து, வாசல்ல இருக்கிற பீரங்கியே எங்க தாத்தாவோடதுன்னாரு. நீங்கதான் விதியைக் காட்டி அனுப்பினீங்க.”

காப்பாட்சியர் சுவரில் சாய்ந்தார். “சாயங்காலம் நான் உரை வாசிக்கணும்மா. கண்ணாடி இல்லேன்னா நூலகம் போச்சு.”

பயிலுநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஆய்வுக்குன்னு கேட்டா வெளியில எடுக்கலாம் சார். பதினேழாவது விதி. ஆனா கையுறை போட்டுத்தான் பிடிக்கணும். உடம்புல படக்கூடாது. பக்கத்துல ஒருத்தர் நிக்கணும்.”

“யாரு நிக்கிறது?”

“நான் நிக்கிறேன் சார்.”

அன்று மாலை அவையோர் கண்ட காட்சி இது: காப்பாட்சியர் வெள்ளைக் கையுறை அணிந்து, வலக்கையில் ஒரு மூக்குக்கண்ணாடியை முகத்துக்கு ஒரு சாண் முன்னால் ஏந்தி, இடக்கையில் தாளை அதற்கு நேராக உயர்த்தி, ஒரு சொல் வாசித்து, கண்ணாடியை நகர்த்தி, அடுத்த சொல்லைத் தேடி, கிடைத்ததும் நெகிழ்ந்து வாசித்தார். நெகிழ்ச்சி உரையினால் அன்று, கை வலியினால். அருகில் நின்ற பயிலுநர் அவ்வப்போது, “சார், மூக்குக்குக் கிட்டப் போறீங்க” என்று முணுமுணுத்தார்.

உரை முடிந்தபோது மருத்துவரின் மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்தார்.

“எங்க மாமாவோட கண்ணாடியை இவ்வளவு மரியாதையா ஏந்தி, அது வழியாவே அவரைப் பத்தி வாசிச்சீங்களே சார். இப்படி எங்க வீட்டுல யாரும் செஞ்சதில்ல.”

“அம்மா, இது வந்து…”

“நுனியில கடிச்ச தடத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. மாமா யோசிக்கும்போது கடிச்சுக்கிட்டேதான் இருப்பாரு. நூலகத்தை நீங்களே எடுத்துக்கோங்க.”

காப்பாட்சியர் வாயைத் திறந்தார். ஒருபக்கம் உண்மை நின்றது. மறுபக்கம் நூலகம் நின்றது. வாயை மூடிக்கொண்டார். பயிலுநர் மட்டும் சற்றும் வியக்கவில்லை. அது மருத்துவருடையதுதான் என்று எண் எழுதும்போதே அவருக்குத் தெரியுமாம்.

வாசகரே, சிரிக்கிறீர்கள். நன்று. உங்கள் வீட்டு உப்பு ஜாடிமேல் ‘உப்பு’ என்று சீட்டு ஒட்டியவர் யார்? வேலையில் சேர்ந்த வாரத்திலேயே ‘எங்க ஆபீஸ்ல அப்படியெல்லாம் கிடையாது’ என்று பேசியவர் யார்? தம் வீட்டுப் பொருளையே பிறர் தொட்டால், அது எங்கிருந்து வந்தது, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பாடம் நடத்துபவர் யார்? கைகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பொருந்திய கையுறை, அணிந்தவருக்குத் தெரிவதில்லை.

நானூற்றுப் பன்னிரண்டாம் பொருளுக்கு, ‘மருத்துவர் இறுதிவரை அணிந்திருந்த மூக்குக்கண்ணாடி’ என்று விளக்க அட்டை எழுதியதே நம் பயிலுநரின் கடைசிப் பணி. காப்பாட்சியர் தம் புதுக்கண்ணாடி வழியே அதை இருமுறை வாசித்து, பிழை ஏதும் இல்லை என்று கையொப்பமிட்டார். நாள்: ஜூன் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை.