இன்னும் இரண்டே நாள்

அக்டோபர் 6: 1052. இருப்பு 20 லிட்டர்.
அக்டோபர் 18: 1012. இருப்பு 15.2 லிட்டர்.
அக்டோபர் 21: 1012. இருப்பு 14 லிட்டர்.
நவம்பர் 10: 1012. இருப்பு 6 லிட்டர்.
நவம்பர் 24: 1012. இருப்பு 400 மில்லி.

‘இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்’ என்று ஓர் இனம் உண்டு. நார்வேயில், வீட்டில் பியர் காய்ச்சும் கிழவர்களிடையே அது கொழுத்து வளரும். அதன் உயர்ந்த மாதிரி, ரயில்வேயில் நாற்பது வருடம் வண்டி நேரம் குறித்து ஓய்வுபெற்ற தூர்கிரிம். மேலே உள்ளது அவருடைய குறிப்பேடு.

பேரனுக்கு நவம்பர் 17 ஞானஸ்நானம். விருந்தில் தாத்தா தன் பியரைத் தன் கையாலேயே ஊற்ற வேண்டும் என்று மகள் ஆஸ்த்ரி பெர்கனிலிருந்து எழுதியிருந்தாள். அவர் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

பியரில் கண்ணாடி மிதவையை விட்டால் ஓர் எண் காட்டும். சர்க்கரை நொதித்துக் குறையக் குறைய எண் இறங்கும்; மூன்று நாள் அசையாமல் நின்றால் புட்டியில் அடைக்கலாம். முந்தினால் புட்டி வெடிக்கும். இது ஊருக்கே தெரியும். ஆனால் மூன்று நாள் நின்ற எண் நான்காம் நாள் இறங்காது என்பதற்கு யார் பொறுப்பு? இருபது வருடத்துக்கு முன் அவருக்கு ஒரு புட்டி வெடித்தது. ஒன்றே ஒன்று.

ஆகவே காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இருநூறு மில்லி எடுத்து அளந்தார். அளந்ததை வாளியில் திரும்ப ஊற்றினால் அசுத்தம், கொட்டினால் பாவம். என்ன செய்வார்?

“மூணு வாரமா அதே நம்பர்தாங்க. அடைச்சுத் தொலைங்க” என்றாள் மனைவி குட்னி.

“ரெண்டு நாள் பாத்துடலாமே.”

“புள்ள நடந்தே வந்து ஞானஸ்நானம் வாங்கிக்கும்.”

அவர் கேட்டுக்கொண்டபடி விழாவை டிசம்பர் 1-க்குத் தள்ளினார்கள். நவம்பர் 25 மாலை, கழுவிக் கவிழ்த்த நாற்பது புட்டிகளுக்கு நடுவே வாளி காலி. எண் கடைசிவரை மாறவில்லை என்பது இப்போது உறுதியாகிவிட்டது. அன்றே புதிதாகக் காய்ச்சினார். கிறிஸ்துமஸ் கழித்து வைத்துக்கொள்ளலாமா என்று எழுதிப்போட்டார். குட்னி பெட்டியைக் கட்டிக்கொண்டு பெர்கன் போய்விட்டாள். அவர் அளப்பதற்காக வீட்டில் இருந்தார்.

சிரிக்கிறீர்களா? எழுதி முடித்தும் அனுப்பாமல், இன்னொரு தடவை படித்துவிடலாம் என்று நீங்கள் மேசையில் வைத்திருக்கும் அந்தக் காகிதம் என்ன ஆயிற்று? எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

ஆஸ்த்ரியின் பதில் நான்கு வரி. “அப்பா, இந்தத் தடவ தள்ளல. ஞாயித்துக்கிழமையே முடிஞ்சுது. கடை பியர்தான், என் மாமனார் ஊத்தினார். புள்ளைக்கு உங்க பேர வெச்சிருக்கோம்.”

அவர் இரண்டு முறை படித்தார். பிறகு குறிப்பேட்டைத் திறந்து, எண்ணுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு, கடிதம் வந்த தேதியை மட்டும் எழுதினார்: டிசம்பர் 6.