பத்துமலை சிபாரிசு செய்த படம்

சிம்மோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பத்துமலை சொல்லாத பயாஸ்கோப்பை யாரும் பார்ப்பதில்லை.

சம்பளம் போட்ட மறு ஞாயிறு ரயிலேறி ஈப்போவுக்குப் போவான். கூடாரத்தில் படம் பார்ப்பான். திரும்பி வந்ததும், தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஆண்கள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். ராசா ராணிக் கதையெல்லாம் அவனுக்கு ஆகாது. நிஜமாக நடந்ததை அப்படியே பிடித்துக் காட்டினால்தான் படம் என்பான். "சிந்தனையைத் தூண்டும், கட்டாயம் பாரு" என்று அவன் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் பாதி லயம் ரயிலில் இருக்கும். வேலை வாங்கும் கங்காணி பேச்சுக்குக்கூட அவ்வளவு மதிப்பில்லை.

அந்த மாசம் அவன் புகழ்ந்தது ஒரு சீமைப் படம். "சனங்க ஊர்வலம் போறாங்க பாரு, அடடா!" என்று வாசலில் நின்று அளந்துவிட்டு உள்ளே வந்தான். கருவாடு வறுத்துக்கொண்டிருந்த மனைவி கருப்பம்மாள் நிமிர்ந்தாள்.

"நானும் போவேன்."

"எங்க?"

"அந்தப் படத்துக்கு."

"அது சிந்தனையைத் தூண்டுற படம்டி."

"தூண்டட்டுமே. தூண்டில்ல மாட்ட நான் என்ன கெளுத்தி மீனா?"

"பொம்பளைங்க ஒக்கார்ற பக்கம் மூட்டைப்பூச்சி."

"இங்க மட்டும் பாயில மல்லிப்பூவா கெடக்கு?"

"ரயிலு தஞ்சோங் ரம்புத்தான் வழியாத்தான் போவும். நீ பேசுற பேச்சுக்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில எறக்கி விட்டுருவாங்க."

"ஒங்களையே மாசா மாசம் எறக்காம விட்டுட்டாங்களே!"

"முடியாதுன்னா முடியாது. அடுப்பைப் பாரு!"

அவள் அடுப்பைப் பார்த்தாள். பத்துமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கோட்டையைப் பிடித்தவன் போல வெளியே நடந்தான். அவள் அத்தோடு விட்டதிலேயே ஏதோ இருக்கிறது என்று அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை பக்கத்து வீட்டுச் சீனி மூச்சிரைக்க வந்தான். அவன் பின்னால் இன்னும் நாலைந்து ஆண்கள்.

"அண்ணே, இது நாயமா? பொம்பளைங்க அத்தனை பேரும் நாளைக்கு அந்தப் படத்தைப் பாக்கணும், ஆம்பளைங்க வூட்டுல சோறாக்கணும்னு சொன்னியாமே! கருப்பம்மாக்கா லயம் லயமாச் சொல்லிட்டு வந்துருச்சு. எம் பொஞ்சாதி வீரம்மா சீலைகூடத் தொவைச்சுப் போட்டுருச்சு."

'நான் சொல்லவேயில்லை' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால், பெண்டாட்டி தன் பேரை எடுத்து இஷ்டத்துக்கு வீசுகிறாள் என்று தோட்டமே சிரிக்கும். பத்துமலை நெஞ்சை நிமிர்த்தினான்.

"ஆமா, நான்தான் சொன்னேன். சனம் முன்னேற வேணாமா?"

"முன்னேறட்டும்ணே. கொழம்பு யாரு வைக்கிறது?"

"நாமதான்!"

வீட்டுக்குள்ளே வளையல் குலுங்கிய சத்தம் சிரிப்பு மாதிரியே இருந்தது.

ஞாயிறு காலை கங்காணி வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"கூட்டமா எங்கடி கெளம்பிட்டீங்க? யாரைக் கேட்டு?"

கருப்பம்மாள் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. "இன்னிக்கு ஞாயிறு, பேரு கூப்பிடுற பெரட்டு கெடையாது. எங்க வூட்டுக்காரு அனுப்புறாரு. சந்தேகம்னா அவரையே கேளுங்க."

கங்காணி முறைத்தார். லயமே பத்துமலையைப் பார்த்தது. அவன் தலை தானாக மேலும் கீழும் ஆடியது. பெண்கள் கங்காணியைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கு லயம் முழுக்கப் புகை. சீனி வீட்டுச் சோறு அடிபிடித்தது. பத்துமலை வீட்டுச் சோறு அடி, நடு, மேல் எல்லாம் பிடித்தது. ஆண்கள் அவனைத் திட்டாத வார்த்தை பாக்கியில்லை.

சாயங்காலம் பெண்கள் ரயில் இரைச்சலைவிடப் பெரிய இரைச்சலாகத் திரும்பினார்கள்.

"சனங்க ஊர்வலம்னீங்களே," என்றாள் கருப்பம்மாள். "அத்தனையும் பொம்பளைங்கன்னு ஏன் சொல்லல?"

பத்துமலை கூரையை ஆராய்ந்தான்.

"எங்களுக்கும் ஓட்டுக் குடுன்னு ரோட்டுல எறங்கிட்டாங்க. ஒருத்தி கொடையாலே போலீஸ்காரன் தொப்பியைத் தட்டி விட்டா! திரைக்குப் பக்கத்துல நின்னு படத்தை வெளக்குறவன், 'இதுங்களுக்குக் கிறுக்கு'ன்னான். நாங்க போட்ட சத்தத்துல அப்புறம் மரியாதையா வெளக்குனான்."

பத்துமலை கருகிய சோற்றை அவள் முன்னால் வைத்தான். இதைத் தின்றால் எவளுக்கும் ஆசை விட்டுப்போகும் என்று ஒரு நம்பிக்கை.

"சாப்பிடு. பயாஸ்கோப் ஆசை தீந்துச்சில்ல?"

அவள் ஒரு பிடியை மென்று, தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினாள்.

"எப்படித் தீரும்? அடுத்த ஞாயித்துக்கும் நீங்க ஒண்ணு சிபாரிசு பண்ணியிருக்கீங்க. ரயில்லயே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."