தபாலில் வந்த பத்திரிகையும் துடியலூர் யோனாவும்

சேசு மரி சூசை துணை

துடியலூர்,
26-3-1996

வால்பாறை எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் மச்சான் ஜெரோம் அவர்கள் சமுகத்துக்கு, உங்களோடு பேச்சை நிறுத்தியிருக்கும் மைத்துனன் பிரான்சிஸ் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கச்சி சகாயமும் ஆண்டவர் புண்ணியத்தில் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைக் கேட்கக் கூடாது என்று முடிவு செய்திருப்பதால் கேட்கவில்லை. என் அக்காள் பொற்கொடிக்கு முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்பதை மட்டும் அந்த வீட்டில் வேறு யாராவது எழுதினால் நல்லது. கடிதம் எழுதுவது பேசுவதில் சேராது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் உங்களுக்கே தெரியும். உங்கள் மகள் கிருபாவுக்கு ஏப்ரல் பதினேழாம் தேதி கல்யாணம். நான் அவளுக்குத் தாய்மாமன். காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். வலி பொறுக்காமல் என் கையைத்தான் கடித்தாள். தழும்பு இன்னும் இருக்கிறது. அப்பேர்ப்பட்ட தாய்மாமனுக்கு, வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் வந்து வைக்க வேண்டிய பத்திரிகையை, சாம்பல் புதனன்று காலையில் போஸ்ட்மேன் கேட்டுக்கு மேலாக வீசிவிட்டுப் போனார். அது தண்ணீர்த் தொட்டியில் விழுந்து உங்கள் சம்பந்தி பெயர் பாதி கரைந்துபோனது. அடியில் ‘நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும்’ என்று அச்சடித்திருந்தது மட்டும் கரையவில்லை. எப்படி ஏற்றுக்கொள்வது? நான் வந்ததாக நீங்கள் ஏற்றுக்கொண்டு, சேலை எடுத்துக் கொடுத்ததாகக் கிருபா ஏற்றுக்கொண்டு, பந்தியில் சாப்பிட்டதாக நானும் ஏற்றுக்கொண்டால் கல்யாணம் முடிந்துவிடுமா? அன்றைக்கே உங்களுக்கு நாற்பது நாள் கெடு வைத்து எழுதினேன். அதற்குள் தட்டோடு வந்து அழைக்காவிட்டால் தாய்மாமன் இல்லாமல்தான் கல்யாணம் என்று தெளிவாகவே எழுதினேன். நீங்களும் மன்னிப்புக் கேட்டீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. மார்ச் மாதம் ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை என்று இன்லாண்டு லெட்டரில் கேட்டீர்கள். மன்னிப்பும் தபாலில்.

இன்றோடு முப்பத்தைந்து நாள் ஆகிறது. இந்த நிலைமையில்தான் எங்கள் ஃபாதர் தவக்காலத்துக்கு யோனா நாடகம் போட வேண்டும் என்று கிளம்பினார். நினிவே ஊர்க்காரர்கள் அக்கிரமம் செய்கிறார்கள். நாற்பது நாளில் ஊர் அழியும் என்று சொல்லி வரும்படி கடவுள் யோனாவை அனுப்புகிறார். யோனா அடம்பிடித்து எதிர்த்திசையில் கப்பலேறி, மீன் வயிற்றுக்குள் போய்த் திரும்பி வந்து சொல்கிறார். ஊரே மனந்திரும்பிவிட, கடவுள் அழிக்காமல் விட்டுவிடுகிறார். அதற்காக யோனாவுக்குக் கோபம் வருகிறது. முப்பது வருஷம் ஸ்பின்னிங் மில்லில் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திய தொண்டை என்பதால் யோனா வேஷம் எனக்கு என்று ஃபாதர் சொன்னார். தொண்டையைத் தவிர வேறு காரணம் ஏதும் இருந்ததா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. நினிவே ராஜாவாகப் பக்கத்துத் தோட்டத்து ஆறுச்சாமி. அவர் நம்ம வேதமில்லைதான், ஆனாலும் கோயில் காரியம் எதுவானாலும் முன்னால் நிற்கிற மனுஷன், அதிலும் ராஜா வேஷம் என்றதும் மறுபேச்சே பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கோயில் மைதானத்தில் நாடகம். மீனைப் பல்லடத்துக் கோழிப்பண்ணையிலிருந்து வந்த தீவனச் சாக்குகளால் தைத்திருந்தார்கள், ஒருத்தருக்கும் அதை உதறத் தோன்றவில்லை. உள்ளே போய் மூன்று நாள் ஜெபம் பண்ண வேண்டியவன் மூன்று நிமிஷமும் தும்மிக்கொண்டிருந்தேன். மீன் தும்முகிறது என்று சனம் சிரித்தது. வாயைத் திறந்து என்னைக் கரையில் கக்க வேண்டிய நேரத்தில் வாய்ப்பக்கத்துக் கட்டு இறுகிக்கொண்டது. வால் பக்கமாக வெளியே வந்தேன். வேதாகமத்தில் அப்படி இல்லை என்பது எனக்கும் தெரியும். அதற்காக ஃபாதர் இன்னும் என்னிடம் சரியாக முகங்கொடுத்துப் பேசவில்லை.

அடுத்தது நினிவே. கையை ஓங்கி, ‘இன்னும் நாற்பது நாளில் நினிவே அழிக்கப்படும்’ என்று இடிமுழக்கமாகச் சொல்ல வேண்டும். சிம்மாசனத்தில் ஆறுச்சாமி உட்கார்ந்திருந்தார். இருபது வருஷமாக அந்த மனுஷனை மரியாதை இல்லாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒத்திகையில் காலி நாற்காலியைப் பார்த்துக் கத்தியவனுக்கு, நேருக்கு நேர் பார்த்ததும் வாய் வரவில்லை. “இன்னும் நாப்பது நாள்ல உங்க ஊரு அழிஞ்சு போயிருமுங்க. தப்பா எடுத்துக்காதீங்க, சொல்லச் சொன்னாங்க,” என்று சொல்லிப்போட்டேன். ராஜா உடனே எழுந்துவிட்டார். “அட, வாங்க. மொதல்ல உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க. அழியறதப் பொறவு பேசிக்கலாமுங்க,” என்று தன் சிம்மாசனத்தையே எனக்குக் காட்டினார். ஊரை அழிக்க வந்த தீர்க்கதரிசி, அந்த ஊர் ராஜா கொடுத்த சொம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நின்றேன்.

ராஜா மனந்திரும்பியது அதைவிட மோசம். மனுஷர் மட்டுமல்ல, ஆடுமாடுகளும் சாக்கு உடுத்தி உபவாசம் இருக்க வேண்டும் என்று ராஜா உத்தரவு போட்டதாக வேதாகமத்தில் இருக்கிறது. ஃபாதர் இதைச் சும்மா படித்துக் காட்டியிருந்தால் போதும். ஆறுச்சாமி அதை அப்படியே எடுத்துக்கொண்டு, தன் எருமைகள் இரண்டையும் காலையிலிருந்து பட்டினி போட்டு, கோணிச் சாக்கைப் போர்த்தி மேடைக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். கோபித்துக்கொண்டு போய் ஊருக்கு வெளியே உட்காரும் யோனாவுக்கு நிழல் கொடுக்கக் கடவுள் ஒரு ஆமணக்குச் செடி முளைக்க வைப்பார், மறுநாள் ஒரு புழு அதை அரித்துவிடும். ஆமணக்கு கிடைக்கவில்லை என்று மேடையில் அகத்திக் கிளைகளைக் கட்டியிருந்தார்கள். பட்டினி கிடந்த எருமைக்கு முன்னால் அகத்தி. புழுவாக வர வேண்டிய, கோயிலில் மணியடிக்கிற கோயில் பிள்ளை துணியைச் சுற்றிக்கொண்டு தயாராவதற்குள் என் நிழல் முழுவதும் எருமை வயிற்றுக்குள் போய்விட்டது. எருமையைப் பிடிக்க ஆறுச்சாமி ஓடினார், திரைக்குப் பின்னால் மைக்கில் கடவுள் குரல் கொடுத்துக்கொண்டிருந்த ஃபாதரும் அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

இப்போது கடவுள் இல்லை. நான் ஒட்டுத்தாடியோடு மேற்கு வெயிலில் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கிறேன். தீவனத் தூசி உடம்பெல்லாம் அரிக்கிறது. முந்நூறு பேர் சிரிக்கிறார்கள். வசனம் எடுத்துக்கொடுப்பதற்காகத் திரைக்குப் பின்னால் நோட்டோடு நின்ற உங்கள் தங்கச்சிதான் மைக்கைக் கையில் எடுத்தாள். ‘நீ கோபப்படுவது நியாயமா?’ என்று கடவுள் கேட்க வேண்டிய இடம். அவளுக்கு என்னை நீ என்று சொல்ல வருமா? “ஏனுங்க, நீங்க கோவப்படறது நாயமுங்களா?” என்றாள். மச்சான், முப்பத்துமூன்று நாளாகக் காலையில் காப்பி கொடுக்கும்போதெல்லாம் இதே கேள்வியை இதே குரலில்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு நாடகம் மறந்துபோச்சு. “பின்ன நாயமில்லாம என்ன? சொந்தத் தாய்மாமனுக்குப் பத்திரிகையத் தபால்ல அனுப்பியிருக்கறான் உங்கண்ணன். நான் என்ன ரோட்டுல போறவனா?” என்று மில் குரலில் கத்திப்போட்டேன். எனக்கு முன்னாலும் ஒரு மைக் இருந்தது.

எருமைக் கயிற்றைப் பிடித்தபடி ஆறுச்சாமி, “யாருங்க அது, நினிவேக்காரருங்களா?” என்று பயபக்தியோடு கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் மைக்கில் மறுபடி அவள் குரல் வந்தது. வலது கை எது, இடது கை எது என்று தெரியாத அத்தனை பேர் இருக்கிற ஊருக்கு நான் இரக்கப்பட வேண்டாமா என்று கடவுள் கேட்கிற கடைசி வசனம். உங்கள் தங்கச்சி நோட்டைப் பார்க்கவேயில்லை. “கிருபாவுக்குச் சோத்துக்கை எது, பீச்சாங்கை எதுன்னு நீங்கதானுங்களே சொல்லிக் குடுத்தீங்க. எங்கண்ணன் மேல ஆயிரம் தப்பு இருக்கட்டுமுங்க. அந்தப் புள்ள என்னங்க பண்ணுச்சு?” என்றாள். யோனா அதற்கு என்ன பதில் சொன்னார் என்று வேதாகமத்தில் இல்லை. நான் தாடியைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, இதை நீங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது. மைக் செட் போட்ட பாலுசாமி யாரும் சொல்லாமலே அதை நிறுத்தினான்.

அதோடு விட்டார்களா? ஃபாதர் திரும்பி வந்து, தண்டிப்பது எளிது, தண்டிக்காமல் விடுகிறவரைப் பொறுத்துக்கொள்வதுதான் கஷ்டம் என்று அரைமணி நேரம் பிரசங்கம் வைத்தார். என் பெயரைச் சொல்லவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. நேற்றிலிருந்து பால்காரர் முதல் ரேஷன் கடைக்காரர் வரை “வால்பாறைக்கு எப்பங்க கிளம்பறீங்க?” என்றுதான் கேட்கிறார்கள். இந்த அவமானத்துக்கெல்லாம் காரணம் நீங்கள். ஆகையால் என் முடிவில் மாற்றமில்லை. கெடுவுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தாலும் நீங்கள் இனிமேல் வர வேண்டாம், வந்தாலும் வீட்டில் இருக்கமாட்டேன். கல்யாணத்துக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம். இதுவே என் கடைசி வார்த்தை.

அக்காளுக்கு என் நமஸ்காரம். கிருபாக் கண்ணுக்கு மாமாவின் ஆயிரம் ஆசீர்வாதம், தேவமாதா அவளை நிழலாகக் காக்கட்டும். உங்களுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உங்களோடு பேசாத,
பிரான்சிஸ்

பின்குறிப்பு: ஸ்டாம்பு ஒட்டியதும் சகாயம், “இதையுந் தபால்லதானுங்களா போடறீங்க?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். முறை தெரியாதவன் என்ற பெயர் எனக்கு வரக் கூடாது என்பதால் கடிதத்தை நானே நேரில் கொடுக்க வந்திருக்கிறேன். நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்தேன். நீங்கள் இதைப் படிக்கும் இந்த நேரத்தில் உங்களுக்கு எதிரில், வாசற்படிக்குக் கீழே நிற்கிறேன். நாலு பக்கமாயிற்றே, வெகுநேரமாக நிற்கிறேன். கையில் இருக்கிற பையில் கிருபாவுக்கு எடுத்த கல்யாணச் சேலை, மயில்கழுத்துக் கலர். சாரல் அடிக்கிறது. படித்தது போதும் மச்சான், ‘வாங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.