எதிர்மேடு

“பள்ளம்னு எழுதாத. வேற வார்த்தை போடு.”

“டாக்டரே பள்ளம்னுதான் எழுதிக் குடுத்திருக்காரு, தலைவரே.”

“அவரு மாட்டு டாக்டரு. அவருக்கு அரசியல் தெரியுமா? நம்ம சங்க வாசல்ல இருக்கற பள்ளத்துக்கே இன்னும் நான் பதில் சொல்லி முடியல. இதுல குதிரைமேல வேற ஒரு பள்ளமா?”

மனிதன் குதிரைமேல் ஏறிய நாளிலிருந்தே, ஏறியவனின் பாரத்தைக் குதிரைக்கு நோகாமல் எப்படிப் பரப்புவது என்ற கேள்வி உலகத்தை வாட்டி வந்திருக்கிறது. பேரரசுகள் விடை காணாமலே விழுந்தன. அந்த விடை செஞ்சியில், ஒரு செல்போன் கடையின் மேல்மாடியில், கோட்டை அடிவாரச் சவாரிக் குதிரைகள் மேம்பாட்டுச் சங்கத்தின் அவசரக் கூட்டத்தில், டீ ஆறுவதற்குள் கிடைத்தது என்பதைச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் பணிவோடு பதிவு செய்கிறேன்.

வார்த்தையை மாற்றச் சொன்னவர் எங்கள் தலைவர் அரிகிருஷ்ணன். தயங்கியவன் நான். தயக்கம் அன்றே குணமாகிவிட்டது.

தலைவருக்குச் சொந்தமாகக் குதிரை கிடையாது. உறுப்பினர்கள் யாருக்குமே கிடையாது. குதிரை வைத்திருப்பவர் சங்கத்துக்குள் வந்தால் சுயநலம் புகுந்துவிடும் என்று எங்கள் விதியிலேயே இருக்கிறது. எனக்கும் குதிரை இல்லை. ஆனால் மொழிபெயர்ப்பு நாவல்களில் நான் கடக்காத புல்வெளி இல்லை. பனிப்பாதையில் மூன்று குதிரை பூட்டிய வண்டி விரையும் பக்கங்களைப் படித்துவிட்டு, செஞ்சியின் சித்திரை வெயிலில் நான் போர்வை தேடியதுண்டு. ஊரில் வேறு யாருக்கும் இந்தத் தகுதி இல்லாததால், ‘சேண வடிவமைப்பு ஆலோசகர்’ என்ற பொறுப்பும் என்னிடமே வந்து சேர்ந்தது.

பிரச்சினையைக் கொண்டுவந்தவர் மரியசெல்வி. ராஜகிரி அடிவாரத்தில், கோட்டை பார்க்க வருகிறவர்களைக் குதிரைமேல் ஏற்றி, ஒரு சுற்று அழைத்துப்போய் இறக்கிவிடுவது அவர் தொழில். இருப்பது ஒரே குதிரை. பெயர் பவுனு. வீட்டில் உலை கொதிப்பது பவுனுவின் முதுகை நம்பித்தான். அந்த முதுகில், சரியாக நடுத்தண்டின்மேல், ஒரு வீக்கம். பழைய சேணம் அழுத்தி அழுத்தி வந்தது.

கால்நடை மருத்துவர் சொன்னதில் நாகரிகமே இல்லை, அவ்வளவு எளிமையாக இருந்தது. முதுகுத்தண்டை எதுவும் தொடக்கூடாது. சேணத்தின் அடியில் நெடுகப் பள்ளம் இருக்க வேண்டும். பாரம் தண்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள சதையின்மேல் பரவ வேண்டும். இல்லாவிட்டால் வீக்கம் உடைந்து புண்ணாகும், பிறகு பவுனுமேல் ஒரு குழந்தையைக்கூட ஏற்ற முடியாது.

மரியசெல்வி தானே ஒரு நல்ல சேணம் வாங்கிக்கொள்ளலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அந்தத் தொல்லையிலிருந்து அவரை நாங்கள் முன்பே காப்பாற்றியிருந்தோம். கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமான பிறகு, குதிரைகளுக்கும் ஒரு ‘சீரான தோற்றம்’ வேண்டுமல்லவா? சங்கம் அங்கீகரிக்காத சேணம் கட்டிய குதிரை அடிவாரத்தில் நிற்கக்கூடாது என்று தீர்மானம் போட்டிருந்தோம்.

“நடுவுல கொஞ்சம் பள்ளம் வுட்டா போதும்ணா. வேற இன்னா கேட்டேன்?” என்றார் மரியசெல்வி.

தலைவர் அவரை உட்காரச் சொன்னார். நாற்காலி இல்லாததால் அவர் நின்றுகொண்டே உட்கார்ந்தார். பாரத்தைப் பரப்புவது எப்படி என்று எங்களுக்கா தெரியாது, எத்தனை தேர்தலில் சீட்டுப் பங்கீடு பார்த்தவர்கள் நாங்கள், என்று தலைவர் அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவைத்தார்.

பிறகு நாங்கள் வார்த்தைக்குத் திரும்பினோம். ‘தாழ்வு’ என்று போட்டுப் பார்த்தோம். செஞ்சியைத் தாழ்த்துவதுபோல் இருந்தது. ‘இடைவெளி’ என்றால், சங்கத்துக்குள் இடைவெளி என்று டீக்கடையில் பேசுவார்கள். ‘குழி’ என்று ஒருவர் சொன்னார். அவரைத் தலைவர் பார்த்த பார்வையில் அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். அப்போதுதான் எனக்கு அது உதித்தது. பள்ளத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மேடு. ஆகவே பள்ளம் என்பது ‘எதிர்மேடு’.

தலைவர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். ஒரு விநாடி யோசித்துவிட்டு, ‘எதிர்’ என்றாலே எதிர்க்கட்சி ஞாபகம் வருகிறது, அதை மட்டும் எடுத்துவிடு என்றார். எடுத்துவிட்டேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: ‘சேணத்தின் அடிப்பகுதியில், நடுவில், நெடுக ஒரு மேடு அமைக்கப்படும்.’

சேணத்தைச் செய்யும் பொறுப்பு அனந்தபுரத்தில் சோபா கடை வைத்திருக்கும் ஆனந்தராஜிடம் ஒப்படைக்கப்பட்டது. உட்காருவதைப் பற்றி அவரைவிட அறிந்தவர் வட்டாரத்தில் இல்லை. தீர்மானத்தை அவர் எழுத்துக்கு எழுத்து மதித்தார். அடியில் கெட்டியான ரப்பரில், முழங்கை கனத்துக்கு, அருமையாக ஒரு மேடு எழுப்பினார். அதற்கு மேல் தேக்குச் சட்டம், ஸ்பிரிங், பஞ்சு, மெரூன் கலர் ரெக்சின். சாய்ந்துகொள்ள முதுகுத் திண்டு, கை வைக்கக் கட்டை, டீ டம்ளர் நிற்க ஒரு வளையம், செல்போன் செருக ஒரு பை. ‘சவாரி செய்பவருக்குச் சொகுசு’ என்ற தீர்மானத்தின் அடுத்த வரியில் சவாரி செய்பவர் யார் என்பதில் எங்களுக்குள் குழப்பமே எழவில்லை.

உர மண்டித் தராசில் நிறுத்துப் பார்த்ததில், சேணம் ஒரு வளர்ந்த ஆளைவிடக் கனமாக இருந்தது. ஆனந்தராஜின் முகம் வாடியது. நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். முன்பெல்லாம் குதிரை சுமந்தது ஏறக்குறைய முழுவதும் ஆளின் பாரம். இப்போது மொத்தத்தில் ஆளின் பங்கு பாதிக்கும் கீழே. அதாவது சவாரி செய்பவரின் பாரத்தைப் பாதிக்குமேல் ‘குறைத்திருக்கிறோம்’. தலைவர் இதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

சோதனை ஓட்டம் அறிவியல் முறைப்படி நடந்தது. பவுனுவுக்கு வீக்கம் இருந்ததால், அதைச் சிரமப்படுத்தாமல், சங்க மேசைமேல் சேணத்தை வைத்தோம். மேசைக்கும் நான்கு கால்கள், நேரான முதுகு. தலைவர் ஏறி உட்கார்ந்து ஒரு வடை சாப்பிட்டார். மேசை எந்த ஆட்சேபமும் தெரிவிக்கவில்லை. ஒரு கால் மட்டும் லேசாக விரிசல் விட்டது. அது மேசையின் தனிப்பட்ட பலவீனம் என்று குறித்துக்கொண்டேன்.

தொடக்க விழா அன்று காலை மரியசெல்வி பவுனுவைக் குளிப்பாட்டி, நெற்றியில் பூ வைத்து, அடிவாரத்துக்குக் கூட்டிவந்தார். இவ்வளவு நாள் ஓய்விலேயே வைத்திருந்ததால் வீக்கம் வற்றத் தொடங்கியிருந்தது. புதுச் சேணம் வந்தால் நாளையிலிருந்து தொழில் என்று முகமெல்லாம் சிரிப்பு. சேணத்தைத் தூக்கிவந்த நாலு பேர் மூச்சு வாங்க அதைத் தரையில் சாய்த்தபோது, அவர் குனிந்து அடியில் கைவிட்டுப் பார்த்தார்.

“அண்ணா, இன்னாவோ மேடா முட்டிக்கினு இருக்குது.”

“அது மேடு இல்லம்மா. நீ கேட்ட பள்ளம்,” என்றார் தலைவர்.

“பள்ளம் எங்கண்ணா இருக்குது?”

“தீர்மானத்துல மேடுன்னு இருக்கும். அர்த்தம் பள்ளம். நீ அர்த்தத்த பாரும்மா.”

“பவுனு படிக்காதவண்ணா. அவ முதுகுக்கு மேடுன்னா மேடுதான்.”

பாமர மக்களிடம் அரசாங்கக் கலைச்சொற்கள் இன்னும் போய்ச் சேரவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. மரியசெல்வி கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். இன்று கட்டாவிட்டால் அடிவாரத்தில் இடம் வேறு ஆளுக்குப் போகும் என்று தலைவர் மிகவும் அன்பாக எடுத்துச் சொன்னார். மரியசெல்வி அண்ணாந்து கோட்டையைப் பார்த்தார். பிறகு கயிற்றைத் தளரவிட்டார்.

நாலு பேரும் தூக்கி வைத்து, வயிற்றைச் சுற்றி வாரை இழுத்துக் கட்டினார்கள். பவுனு தோலைச் சிலிர்த்தது. ஸ்டூல் போட்டுத் தலைவர் ஏறினார். மைக் கொடுத்தார்கள், டீயும் கொடுத்தார்கள். டம்ளர் வளையத்தில் கச்சிதமாக நின்றது. கைதட்டல்.

“பாரம்பரியம்ங்கற சொல்ல கொஞ்சம் பிரிச்சிப் பாருங்க,” என்று தலைவர் ஆரம்பித்தார். “முன்னால பாரம். பின்னால பரி. பரின்னா குதிரை. ஆக, பாரம் எது மேல இருக்கணும்னு தமிழன் அன்னிக்கே எழுதி வச்சிட்டான்.”

இப்படிப்பட்ட ஆராய்ச்சியை நான் எந்த மொழிபெயர்ப்பிலும் படித்ததில்லை. கூட்டம் ஆரவாரித்தது. அந்த ஆரவாரத்தில் பவுனுவின் முன்கால்கள் இரண்டும் மடங்கின. பின்கால்களும் மெல்ல மடங்கின. வயிறு தரையில் படிய, கழுத்தை நீட்டி, தாடையை மண்ணில் வைத்துக்கொண்டது.

தலைவர் அசரவில்லை. சேணமும் அசையவில்லை. டீ ஒரு சொட்டுச் சிந்தவில்லை. “பாருங்க, குதிரையே நமக்கு மரியாதை செலுத்துது,” என்று மைக்கில் சொன்னார். செல்போன்கள் உயர்ந்தன. ஆனந்தராஜ் தன் கடை விசிட்டிங் கார்டுகளை எடுத்து வழங்கத் தொடங்கினார். தலைவர் இறங்காமலே நன்றியுரைக்குப் போனார். உட்காரச் சுகமாக இருக்கும்போது யார்தான் இறங்குவார்கள்?

இந்தச் சரித்திர நிகழ்வை ஒன்றுவிடாமல் பதிவு செய்ய நான் அருகில் நின்று எழுதிக்கொண்டிருந்தேன். ரெக்சின் ஓரத்திலிருந்து கசிந்து பவுனுவின் வெள்ளை விலாவில் ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. ‘வியர்வை’ என்று எழுதினேன். எழுத்து அழகாக விழுந்தது.

மரியசெல்வி மண்ணில் மண்டியிட்டு, குதிரையின் தலையை மடியில் தூக்கி வைத்திருந்தார். தலைவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தையும் பார்க்கவில்லை. நேராக என்னைத்தான் பார்த்தார்.

“தம்பி, எழுதனது போதும். அவர கையப் புடிச்சி கீழ எறக்கு. நான் வார அவுக்கறேன்.”